முகப்பருவும் நம் வீட்டுப் பேச்சும்

முகப்பரு பதின்பருவத்தோடு மறைந்துவிடும் என்றே நாம் எண்ணுகிறோம். 25, 30 வயதைக் கடந்த பின்னும், குறிப்பாகப் பெண்களுக்கு, அது நீடிப்பதுண்டு. சம்பந்தம் பேசும்போது அதனைக் குறையாகச் சொல்கிறோம். அந்தச் சொல்லுக்கு அஞ்சிய பெண்பிள்ளைகள், மருத்துவரை நாடாமல் மருந்துக்கடையில் கிடைக்கும் சிவப்பழகுக் களிம்புகளை மறைவாகப் பூசுகின்றனர். அவற்றுள் பலவற்றில் கலந்துள்ள ஸ்டீராய்டு முதலில் முகத்தைத் தெளிவாக்கிக் காட்டும். பின்னர் தோலை மெலியச் செய்து பருவையே பெருக்கும்.

மருத்துவம் செய்துகொள்வது தவக்குலுக்கு முரணன்று. நோய்க்கு மருந்து தேடுமாறு நபி (ஸல்) அவர்களே பணித்துள்ளார்கள். பருவோடு மாதவிடாய் ஒழுங்கின்மையும் தாடையில் முடி வளர்ச்சியும் இருந்தால், ஹார்மோன் கோளாறு உண்டா எனப் பரிசோதிக்க வேண்டும். அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு போன்ற பூச்சுகள் பலன் தர 8 முதல் 12 வாரங்கள் ஆகலாம். இங்கேதான் நமக்குப் பொறுமை வேண்டும்.

கடுமையான பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை, கருவிலுள்ள குழந்தைக்குப் பெரும் ஊனத்தை விளைவிக்கக்கூடியது. அதனை உட்கொள்ளும் காலத்திலும், நிறுத்திய பின் குறைந்தது 1 மாதமும் கருத்தரித்தல் கூடாது. நிக்காஹ் நாள் குறித்த பெண் இதனை மருத்துவரிடமும் மணமகன் வீட்டாரிடமும் அச்சமின்றிச் சொல்லும் நிலை நம் வீடுகளில் இருக்கிறதா?

உடல் இறைவன் தந்த அமானிதம். அதனைப் பேணுவோரைக் கேலி செய்யாதிருப்பதே நாம் செய்ய வேண்டிய முதல் உதவி.