மரம் யாருக்குச் சொந்தம்?

பிரித்தானியாவின் கொன்சர்வேட்டிவ் கட்சி உறுப்பினர்கள் 2022 ஜூன் 6ஆந் திகதி ஓர் இரகசிய வாக்கெடுப்பு நடத்தினார்கள். தமது தலைவரும் பிரதமருமான பொரிஸ் ஜோன்சன்மீது நம்பிக்கை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 211 பேர் இருக்கிறது என்றார்கள். 148 பேர் இல்லை என்றார்கள். வென்ற மனிதர் அதற்குப்பின் ஒரு மாதம் தாக்குப்பிடித்தார். அமைச்சர்கள் வரிசையாக விலகினார்கள், ஜூலை 7இல் அவரும் போவதாக அறிவித்தார். அடுத்து வந்த லிஸ் ட்ரஸின் ஆட்சி ஏழு வாரத்தில் முடிந்தது. வெள்ளைக்காரனுக்கும் நமது வருத்தம் தொற்றிவிட்டது என்று இங்கே தேநீர்க் கடைகளில் சிரித்தார்கள்.

சிரிக்கலாம். ஆனால் அந்த 148 பேரில் எவரும் மறுநாட் காலை புதிய பெயர்ப் பலகை எழுதவில்லை. அவர்கள் அதே கட்சியில், அதே வாங்கில் இருந்துகொண்டுதான் தலைவரை இறக்கினார்கள். நமது கதை அப்படியா?

ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் 1981இல் காத்தான்குடியில் பிறந்தது, 1986இல் அரசியற் கட்சியாயிற்று. எதற்காகப் பிறந்தது என்பதை இளையவர்களுக்கு ஒருமுறை சொல்லித்தான் ஆகவேண்டும். 1956இல் கல்முனையில் கேட் முதலியார் எம்.எஸ்.காரியப்பரும் பொத்துவிலில் எம்.எம்.முஸ்தபாவும் தமிழரசுக் கட்சியில் வென்றார்கள். வென்றபின் இருவரும் அரசாங்கத்தின் பக்கம் போனார்கள். முஸ்தபா 1960இல் சில மாதங்கள் நிதியமைச்சராகவும் இருந்தார். பிறகு வந்தவர்கள் பச்சையிலும் நீலத்திலும் மாறிமாறிக் குளித்தார்கள். யாருடைய கட்சியிலோ வென்று யாருடைய அரசாங்கத்திலோ அமர்வதுதான் நமது அரசியல் என்றாகியிருந்தது. தனிக் கட்சி அந்த நோய்க்குத் தரப்பட்ட மருந்து. இப்போது மருந்துக்கே அந்த நோய் வந்துவிட்டது.

மர்ஹூம் அஷ்ரப் மட்டும் மாறவில்லையா என்று கேட்பார்கள். மாறினார். 1977இல் கூட்டணியின் மேடையில் நின்றவர்தான். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து விலகியபோது மக்கள் தந்த ஆசனம் எதுவும் அவர் கையில் இருக்கவில்லை. முதலில் மாறினார், பிறகு 1989இல் புதிய சின்னத்தைக் காட்டி வாக்குக் கேட்டார். இது மிகப் பெரிய வித்தியாசம்.

2000 செப்டெம்பர் 16இல் அரநாயக்க மலையில் அவருடைய ஹெலிகொப்டர் வீழ்ந்தது. தலைவரின் கதிரைக்கு றவூப் ஹக்கீமும் பேரியல் அஷ்ரபும் இணைத்தலைவர்களாக வந்தார்கள். ஒரு வருடம்கூட அந்த இணைப்பு நிற்கவில்லை. 2001 ஜூனில் ஹக்கீமை ஜனாதிபதி சந்திரிகா அமைச்சிலிருந்து நீக்க, அவரும் அவரோடு நின்றவர்களும் எதிர்க்கட்சிக்குப் போனார்கள், அரசாங்கம் பெரும்பான்மையை இழந்தது. பேரியல் அஷ்ரப் நுஆவோடு சந்திரிகாவின் பக்கமே நின்றார். பிறகு அதாவுல்லா போனார், தேசிய காங்கிரஸ் வந்தது. றிசாட் பதியுதீன் போனார், மக்கள் காங்கிரஸ் வந்தது. ஹிஸ்புல்லாஹ் போனார், வேறு சின்னங்களில் கேட்டார், 2024இல் மறுபடியும் மரத்திலேயே கேட்டு மட்டக்களப்பில் வென்று வந்தார். இவர்களுக்கிடையே கொள்கையில் என்ன பேதம் என்று கேட்டால் ஒரு பக்கம் எழுத எனக்கு விடயம் இல்லை. காணிப் பிரச்சினையில் ஒருவர் சொன்னதைத்தான் மற்றவரும் சொன்னார். கரையோர மாவட்டத்திலும் அப்படியே. பேதம் கதிரையில்தான் இருந்தது.

எமது திருகோணமலை மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2004 ஏப்ரல் தேர்தலில் இங்கே மரத்துக்கு விழுந்த வாக்குகளால் நஜீப் அப்துல் மஜீத் பாராளுமன்றம் போனார். அதே ஆண்டில் அரசாங்கத்துக்குப் போனவர்களில் அவரும் ஒருவர். கட்சிக்காரர்கள் துரோகி என்றார்கள், கொடும்பாவி என்றார்கள், மேடைக்கு மேடை ஏசினார்கள். 2012 செப்டெம்பரில் கிழக்கு மாகாண சபைத் தேர்தல் நடந்தது. முஸ்லிம் காங்கிரஸ் தனித்துக் கேட்டு 7 ஆசனங்கள் எடுத்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 11, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 4. மூன்றும் சேர்ந்தால் 37இல் 22. முதலமைச்சர் பதவியை உங்களுக்கே தருகிறோம் என்று சம்பந்தன் பகிரங்கமாகச் சொன்னார். முஸ்லிம் காங்கிரஸ் அந்த 7 கைகளையும் தூக்கிக்கொண்டு மகிந்தவின் கூட்டணிக்குப் போய் ஒரு முதலமைச்சரை ஆக்கியது. யாரை? அதே நஜீப் அப்துல் மஜீதை! எட்டு வருடம் துரோகி என்று ஏசிய போராளியின் தொண்டைக்கு யார் நட்டஈடு கொடுப்பது?

இதற்கெல்லாம் ஒரே விடைதான் வைத்திருக்கிறார்கள்: சமூகத்தின் நலன். அதிகாரம் இல்லாவிட்டால் வீதி வராது, மின்சாரம் வராது, பிள்ளைகளுக்குத் தொழில் வராது. இதை நான் ஒரேயடியாகத் தட்டிவிடமாட்டேன். 1994இல் அரசாங்கத்தில் சேர்ந்ததால்தான் ஒலுவிலில் பல்கலைக்கழகம் எழுந்தது. அப்போது கட்சி முழுதாகப் போய்ப் பேசியது. 2004இல் 225 ஆசனங்களில் 105ஐ வைத்திருந்த அரசாங்கத்துக்கு முழுக் கட்சி தேவைப்படவில்லை. குறைகிற கைகள்தான் தேவை. நமது பகுதியில் வெள்ளாமை செய்கிற எவருக்கும் இது விளங்கும். களத்துமேட்டில் ஆளாளுக்குத் தனித்தனியே முதலாளியிடம் ஓடினால் நெல்லின் விலை என்னவாகும்? தமக்குக் கிடைத்த விலை நல்ல விலை என்று ஒவ்வொருவரும் சொல்லலாம். சமூகம் மொத்தமாகப் பேச வைத்திருந்த சரக்கு சில்லறையாகப் போய்விட்டது.

பாராளுமன்றத்தில் தூக்கிய கைகளையும் பார்ப்போம். ஜனாதிபதி எத்தனை தடவையும் போட்டியிடலாம் என்ற 18ஆவது திருத்தத்துக்கு 2010 செப்டெம்பரில் முஸ்லிம் காங்கிரஸ் கை தூக்கியது. அந்த அதிகாரத்தைக் குறைத்த 19ஆவது திருத்தத்துக்கு 2015 ஏப்ரலில் கை தூக்கியது. குறைத்ததைத் திருப்பிக் கொடுத்த 20ஆவது திருத்தம் 2020 ஒக்டோபர் 22இல் வந்தபோது தலைவர் எதிர்த்து வாக்களித்தார். ஹரீஸ், பைசல் காசிம், தௌபீக், நஸீர் அஹமட் ஆகிய நால்வரும் ஆதரித்தார்கள். முதல் மூவரும் சஜித் பிரேமதாசவின் தொலைபேசிச் சின்னத்தில் வென்றவர்கள். கோட்டாபயவுக்கு எதிராகப் புள்ளடி போட்ட எமது மாவட்டத்து வாக்காளனின் கடதாசி கோட்டாபயவின் 156இல் ஒன்றாகச் சேர்ந்தது.

அது எந்தக் காலம்? கொரோனாவால் மரணித்தோரின் ஜனாஸாக்களை அடக்க விடாமல் எரித்துக்கொண்டிருந்த காலம். ஜனாஸா விடயத்தைப் பேசி முடிக்கவே ஆதரித்தோம் என்று விளக்கம் வந்தது. வாக்களித்து ஏழு வாரத்தின் பின், டிசம்பரில், பிறந்து 20 நாளான ஒரு பிள்ளையைக் கொழும்பில் எரித்தார்கள். அடக்குவதற்கான அனுமதி 2021 பெப்ரவரி கடைசியில்தான் வர்த்தமானியில் வந்தது. நான்கு மாதங்கள்! என்ன பேசினார்கள், யாரிடம் பேசினார்கள், எந்த உறுதிமொழியை எழுத்தில் வாங்கினார்கள்? வீட்டில் மையித்தை வைத்துக்கொண்டு அழுதவர்களுக்கு இதைச் சொல்லும் கடமை அந்த நால்வருக்கும் இருந்தது.

அந்த வாக்குக்காக எவரும் ஆசனத்தை இழக்கவில்லை. நஸீர் அஹமட் இழந்தது கட்சியின் முடிவை மீறினார் என்று 2022 ஏப்ரலில் நீக்கப்பட்டதால். 2023 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அந்த நீக்கம் செல்லும் என்றது, அவரிடத்துக்கு அலி ஸாஹிர் மௌலானா வந்தார். நல்ல தீர்ப்பு என்று பலர் மகிழ்ந்தார்கள். எனக்கு அரை மகிழ்ச்சிதான். இந்தச் சட்டம் காப்பது கட்சியின் கட்டளையை. வாக்காளன் இதில் எங்கே வருகிறான்? தலைவரே கட்சியோடு சேர்ந்து மாறினால் சட்டத்துக்கு அது குற்றமில்லை. 1979இல் மட்டக்களப்பு இராசதுரை கூட்டணியிலிருந்து ஐ.தே.க.வுக்குப் போக ஜே.ஆர். இரண்டாவது திருத்தத்தையே கொண்டுவந்தார். அந்தக் காலத்திலிருந்து ஆளுங்கட்சிக்கு ஏற்றவாறுதான் வாசல் திறக்கிறது, மூடுகிறது. விகிதாசார முறையில் இடைத்தேர்தலும் இல்லை, வெற்றிடம் வந்தால் பட்டியலில் இருந்து ஆள் வரும்.

பிரித்தானியாவிலும் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. டக்ளஸ் கார்ஸ்வெல் 2014இல் கட்சி மாறியபோது தானாகவே பதவியைத் துறந்து இடைத்தேர்தலில் நின்றார். கிறிஸ்ரியன் வேக்ஃபோர்ட் 2022 ஜனவரியில் மாறியபோது அப்படிச் செய்யவில்லை. கேள்வியாவது அங்கே எழுந்தது.

ஈச்சிலம்பற்றில் படிப்பிக்கிற எனக்குத் தலைமைப் போட்டி என்றால் வெருகல் ஆறு ஞாபகத்துக்கு வராமல் போகாது. 2004 ஏப்ரலில் புலிகளின் தலைமைப் பிணக்கு இந்த ஆற்றங்கரையில்தான் துப்பாக்கியால் தீர்க்கப்பட்டது. இரு பக்கத்திலும் செத்தது கிழக்கின் பிள்ளைகள். பிரிந்துபோன கருணா 2009இல் அமைச்சரானார். இருபது வருடத்தின் பின், 2024 ஜனவரி 21இல், இதே மாவட்டத்தில் திருகோணமலை நகரில் தமிழரசுக் கட்சி தலைவர் பதவிக்கு வாக்குப் பெட்டி வைத்தது. சிறீதரனுக்கு 184, சுமந்திரனுக்கு 137. பிறகு வழக்கு, தடை, இழுபறி. ஆனாலும் எண்ணினார்கள். துப்பாக்கியில் இருந்து பெட்டிக்கு வந்த தூரம் சின்னத் தூரமல்ல. நமது கட்சியில் 2000இல் வந்த தலைவர் கால் நூற்றாண்டு இருந்துவிட்டார். பேராளர் மாநாடு கூடும், தக்பீர் முழங்கும், ஏகமனதாகத் தெரிவு என்று பத்திரிகையில் வரும். எதிர்த்து நிற்க உள்ளே ஒரு பெட்டி இருந்திருந்தால், அதாவுல்லாவும் றிசாட்டும் வெளியே போய்க் கடை திறக்க வேண்டியிருந்திருக்குமா?

ஆகவே எனது யோசனை இது. மத்திய குழுவில் இருக்கிறவர்கள் தலைவர் தெரிவுக்குக் கிளைகளின் இரகசிய வாக்கைக் கேளுங்கள். தராவிட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாக்காளர்களாகிய நாம், அடுத்த தேர்தலில் பள்ளிவாசலுக்கு முன்னால் கொடியோடு வந்திறங்கும் எந்தக் கட்சி வேட்பாளரிடமும் மாலை போடுமுன் ஒரு கடதாசியை நீட்டுவோம். கேட்ட சின்னத்தை விட்டு மாறினால் அன்றே ஆசனத்தைத் துறப்பேன் என்று ஒரு வரி, கீழே ஒப்பம், திகதி. நீதிமன்றத்தில் அது செல்லாது என்று சட்டத்தரணிகள் சொல்வார்கள். செல்லாவிட்டால் போகட்டும், பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் ஐந்து வருடம் தொங்கட்டும்.