இலக்கணத்தை ஒளிக்கும் பாடநூல்

வயது வந்தோர்க்கு ருஷ்ய மொழியைப் போதிக்கும் முதல் நூலில் வேற்றுமை அட்டவணைகள் கூடாது, சம்பாஷணை வாக்கியங்களே போதும் என்று வாதிக்கும் நண்பர், ஆறு வேற்றுமைகளை மறைத்துவிட்டால் அவை மொழியிலிருந்தே அகன்றுவிடும் என்று நம்புகிறார் போலும். பகலெல்லாம் கேட்டுப் பழகும் குழந்தையின் பாக்கியம், மாலையில் ஒரு மணி நேரமே அவகாசமுள்ள குமாஸ்தாவுக்கு இல்லை. அக்குறையை ஈடுசெய்வதே இலக்கண விதி. எட்டு வேற்றுமைகளோடு வளர்ந்த தமிழர் ஆறுக்கு அஞ்சுவானேன்? உச்சரிப்புக்கும் விதி வேண்டும்: ருஷ்யர் 'ஓ' என்னும் எழுத்திட்டு எழுதும் தலைநகரின் பெயர், அழுத்தம் இரண்டாம் அசையில் விழுவதால், 'மஸ்க்வா' என்றே ஒலிக்கிறது. அழுத்தக்குறியில்லாத நூல் இதை எவ்விதம் உணர்த்தும்? 1996-இல் வெளிவந்த நிக்கோலஸ் பிரவுனின் பெங்குவின் பாடநூல் விதி, பயிற்சி, விடை மூன்றையும் தருகிறது. தனியே பயில்வோர் சித்திரங்களை எண்ணாமல், அழுத்தக்குறியும் விடைப்பகுதியும் உள்ளனவா என்று பார்த்து வாங்குவார்களாக.