ராணுவத்துக்குக் கிளம்பும் தம்பிக்குக் கத்தி பரிசா? இதைக் கவனிங்க!

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வீடுகளில் ஒரு பிள்ளை ராணுவத்துக்குத் தேர்வாகிவிட்டால், பரிசாகக் கத்தி வாங்கித் தர மாமா, அண்ணன்களுக்கு ஆசை வரும். பெரிய கத்தி வேண்டாம். சண்டைக்குத் தேவையானதை ராணுவமே தந்துவிடும்.

1891-ல் சுவிஸ் வீரர்களுக்குத் தரப்பட்ட மடக்குக் கத்தியே, டின் திறக்கவும் துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டவும்தான். எனவே துருப்பிடிக்காத ஸ்டீலில் மூன்று அங்குல பிளேடு, டின் ஓப்பனர், ஸ்குரூ டிரைவர் இருந்தால் போதும். விரித்ததும் ஆடாமல் நிற்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

வெலிங்டனோ வேறு பயிற்சி மையமோ, கொண்டுவரச் சொன்ன பொருள்களின் பட்டியலில் கத்தி இல்லையென்றால் பையில் வைத்து அனுப்பாதீர்கள். முதல் நாளே பிள்ளை பதில் சொல்லி நிற்க வேண்டாமே! பயிற்சி முடித்து முதல் லீவில் வரும்போது கொடுங்கள். திரும்பிப்போவது விமானத்தில் என்றால், கைப்பையில் கூடாது. செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.