மறைவுக் கூடாரம்

ஆலங்குளத்து அன்பர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் மாப்பிள்ளை, விடுமுறைக்கு வந்தபோது ஒரு கூடாரம் கொண்டுவந்தாராம். மடித்தால் தோளில் தொங்கும் பை. விரித்து நாலு பக்கமும் இழுத்துவிட்டால் நிமிஷத்தில் குடிசை. அங்கே வில்வேட்டைக்காரர்கள் இதற்குள் ஒளிந்திருந்துதான் மானை எய்கிறார்கள். "நம் மக்காச்சோளத்தைப் பன்றி பாழாக்குகிறது. இதை எங்கே அடிப்பது? வில் ஒன்றும் தருவிக்கலாமா?" என்று கேட்கிறார்.

கூடாரத்தை முதலில் பார்ப்போம். வாங்குகிறவர்கள் வெளித் துணியில் அச்சடித்த இலைகளைக் கண்டு மயங்குகிறார்கள். பார்க்க வேண்டியது உட்புறம். அது கறுப்பாயிருந்தால்தான் வெளிச்சத்தில் நிற்கும் பிராணிக்கு ஜன்னல் வெறும் இருட்டுப் பொந்தாகத் தோன்றும். முன் ஜன்னலையும் பின் ஜன்னலையும் சேர்த்துத் திறந்தாலோ, தோற்பாவைக் கூத்துத் திரையில் ராவணன் தெரிவதுபோல் உள்ளேயிருப்பவர் தெரிவார்! வெள்ளை வேட்டியும் ஆகாது. கறுப்புச் சட்டையே சரி. சூரியன் முதுகுப்புறம் இருக்கட்டும். காற்று, பிராணி வரும் திக்கிலிருந்து நம்மை நோக்கி வீசட்டும்.

அடித்த அன்றே உட்காருவதில் பிரயோஜனமில்லை. புதிதாக முளைத்த குடிசையை எந்தப் பிராணிதான் நம்பும்? சில நாள் முன்பாகவே நிறுத்தி, வேலிக் கருவேலங் கிளைகளைச் சார்த்தி, அதன் சதுர உருவத்தைக் கலைத்துவிட வேண்டும். கரிசல் மண் மழையில் குழம்பு, கோடையில் வெடிப்பு. குட்டையான முளை நிற்காது. அம்மியே பறக்கிற ஆடிக் காற்றில் துணி படபடத்தால் காரியம் கெட்டது. கயிறு கட்டித்தான் ஆகவேண்டும்.

வில்லுக்கு என்று தனியே ஒரு தொல்லையுண்டு. கண் பார்க்கும் கோட்டுக்குக் கீழேதான் அம்பு செல்கிறது. ஜன்னல் வழியே குறி நன்றாகத் தெரிந்தும், அம்பு ஜன்னல் விளிம்பில் பாய்ந்துவிடும். ஆகையால் அங்கே முக்காலியில் உட்கார்ந்து, வில்லின் மேல்நுனி கூரையில் இடிக்கிறதா என்று முன்னதாகவே நாணை இழுத்துப் பார்த்துக்கொள்கிறார்கள்.

அன்பர் அவ்வளவு சிரமப்பட வேண்டாம். 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், வில்லையும் அம்பையும் ஆயுதம் என்று பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. வெடிமருந்தும் அந்த வரிசையில்தான். எய்ய முயன்றாலே வேட்டையாடிய குற்றம்.

பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அப்பெயர் வில்லி என்ற வேடர் தலைவனால் வந்தது என்கிறது தலபுராணம். அவன் தம்பி கண்டனை வேட்டைக்குப் போன இடத்தில் புலி அடித்துவிட்டதாம். அந்த மலைப் பக்கம் 2021-இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகிவிட்டது. வில்லியே திரும்பி வந்தாலும் வனத்துறையின் அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே போக முடியாது.

பயிர் போகிறதே என்ற வயிற்றெரிச்சல் நமக்குப் புரியாமலில்லை. ஆனால் பன்றி வருவது இராத்திரியில். அப்போது கூடாரத்தின் இருட்டுக்கு விசேஷம் ஒன்றுமில்லை, அதன் மூக்குக்கு முன் துணி எம்மாத்திரம்? யாராவது பழத்துக்குள் வெடி வைக்கும் அவுட்டுக்காய் யோசனை சொன்னால் காதில் வாங்கவேண்டாம். அது பன்றியென்றும் பசுவென்றும் பார்ப்பதில்லை. கடித்த வாயைக் கிழிக்கும். யானைகள் தாடை சிதைந்து, தின்ன முடியாமல் பல நாள் பட்டினி கிடந்து செத்திருக்கின்றன. காட்டெல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடுவதற்கு 2025 ஜனவரியில் தமிழக அரசு ஏற்பாடு செய்தது. வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். பயிர்ச் சேதத்துக்கு நஷ்டஈடும் கேட்கலாம். அலைச்சல்தான், சந்தேகமில்லை.

மாப்பிள்ளையின் கூடாரத்தை மார்கழியில் கண்மாய்க் கரைக்கு எடுத்துப் போகட்டும். விடியுமுன் உள்ளே புகுந்துவிட வேண்டும். கிறீச்சிடாத முக்காலி, ஒரு காமிரா, வெந்நீர்க் குப்பி போதும். நாரையும் கொக்கும் பத்தடிக்குள் வந்து மீன் கொத்தும். படம் நன்றாக வந்தால் நமக்கும் ஒரு பிரதி அனுப்பக் கோருகிறோம்.