பேச்சும் மருந்தே, தமிழில் கேட்டுப் பெறுக!

காய்ச்சல் வந்தால் விடுப்புக் கடிதத்தில் காய்ச்சல் என்றே எழுதும் குமாஸ்தா, பத்து நாள் தூக்கமின்றி மனம் துவண்டு கிடந்தால் மட்டும் வயிற்று வலி என்று எழுதுகிறார். பெங்களூரிலும் பிற நகரங்களிலும் பிழைக்க வந்த தமிழரிடையே இது புதிதல்ல. அலுவலகத்தில் 'பைத்தியம்' என்ற பெயர் வரும், ஊருக்கு எட்டினால் தங்கையின் கல்யாணம் தடைப்படும் என்ற அச்சமே காரணம்.

இந்த அச்சத்துக்கு நாடு கொடுக்கும் விலை பெரிது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் 100க்கு 10 பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் குறை இருந்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை.

"பேசினால் நோய் தீருமா?" என்று ஏளனம் செய்வோரும் உண்டு. கோவா அனுபவம் அவர்களுக்குப் பதில் சொல்லும். அங்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவப் பட்டம் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர்வாசிகள், கடும் மனச்சோர்வுற்றவர்களுடன் ஆறு முதல் எட்டு முறை அமர்ந்து பேசினர். விட்டுப்போன சிறு காரியங்களை, நடப்பது, நண்பரைப் பார்ப்பது போன்றவற்றை, நாள் குறித்து மீண்டும் செய்ய வைத்தனர். மூன்று மாத முடிவில் இவர்களில் 100க்கு 64 பேர் சோர்விலிருந்து மீண்டனர்; வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39 பேரே மீண்டனர். 2017இல் லான்செட் மருத்துவ இதழ் இதை வெளியிட்டது.

பேச்சு சிகிச்சையில் வேறு வகைகளும் உண்டு. அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக் 1960களில் வகுத்த முறை ஒன்று. "மேலதிகாரி முகம் கொடுத்துப் பேசவில்லை, வேலை போய்விடும்" என்று மனம் பாயும்போது, அதற்கு ஆதாரம் என்னவென்று எழுதிப் பார்க்கச் செய்வது அது. மரணம், சச்சரவு, இடமாற்றம் ஆகியவற்றால் உறவுகளில் விழுந்த விரிசலை எடுத்துப் பேசுவது இன்னொன்று. கணவன், மனைவி, பெற்றோரைச் சேர்த்து உட்கார வைப்பது குடும்ப சிகிச்சை. எது யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவரே கூற வேண்டும். நோய் கடுமையானால் பேச்சுடன் மாத்திரையும் தேவைப்படலாம்.

இவை அனைத்துக்கும் கருவி ஒன்றே: மொழி. வேலைக்குப் போதுமான கன்னடமோ இந்தியோ தெரிந்தவருக்குக்கூட, "மனசே சரியில்லை", "நெஞ்சு பாரமா இருக்கு" என்பதை அம்மொழியில் சொல்ல வராது. பாதியைச் சொல்லி மீதியை விழுங்கினால் சிகிச்சையும் பாதிதான். ஆகவே தமிழ் தெரிந்த ஆலோசகர் இருக்கிறாரா என்று கேட்பது சலுகை கோருவது ஆகாது. சிகிச்சையின் அடிப்படைத் தேவை அது.

வழியும் இருக்கிறது. 2022 அக்டோபர் 10இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைத்துத் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தவர் விடியட்டும் என்று காத்திராமல் உடனே அழைக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்ல வேண்டும். சிகிச்சை விவரத்தை ரகசியமாகக் காக்கும் உரிமையை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் நோயாளிக்கு அளித்திருக்கிறது.

பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்தும் வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்களுக்கு இதில் பொறுப்புண்டு. அந்தந்த நகரில் தமிழில் பேசக்கூடிய மனநல ஆலோசகர்களின் பட்டியலைத் திரட்டி, சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் 14416 என்ற எண்ணுடன் ஒட்டி வைக்கலாம். தொழிற்சங்கங்களும் இதைச் செய்யலாம். ஒரு தாளும் கொஞ்சம் பசையும்தான் செலவு. அதனால் ஓர் உயிர் பிழைத்தாலும் போதுமே!