பராமரிப்புக்காக மூடப்பட்டுள்ளது

சுற்றுலாப் பயணிகளை வா வா என்று கூப்பிடும் ஒரு ஊர், திடீர்னு ஒருநாள் "இந்த வாரக் கடைசியில யாரும் வராதீங்க, வேலை இருக்கு" என்று போர்டு மாட்டினால் எப்படி இருக்கும்? 2019 ஏப்ரலில் ஃபரோ தீவுகள் இதைத்தான் செய்தன. முக்கியமான சுற்றுலா இடங்களைப் பராமரிப்புக்காக மூடிவிட்டு, வெளிநாடுகளில் இருந்து 100 தன்னார்வலர்களை மட்டும் உள்ளே விட்டார்கள். தங்க இடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. விமான டிக்கெட்டும் உடல் உழைப்பும் வருகிறவர் பொறுப்பு. வந்தவர்கள் நடைபாதைகளைச் சீர்செய்தார்கள், வழிகாட்டும் கற்குவியல்களை மறுபடி அடுக்கினார்கள்.

அங்கே நான் போனதில்லை. இப்போதைக்குப் போகும் வசதியும் இல்லை. ஆனாலும் சுற்றுலா பற்றி நாம வச்சிருக்கிற எண்ணத்தைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நார்வேக்கும் நடுவே, வட அட்லாண்டிக் கடலில் 18 தீவுகள். டென்மார்க் அரசின் கீழ் தன்னாட்சிப் பகுதி. மக்கள் தொகை 55 ஆயிரத்தை ஒட்டி. ஆடுகள் அதைவிட அதிகம்! ஆடு மேய்ச்சலுக்கும் நிலத்துக்கும் அங்கே 1298லேயே எழுதப்பட்ட சட்டம் உண்டு. கோடையிலும் வெப்பம் சராசரியா 11 டிகிரி பக்கம்தான். காலையில் வெயில், பத்து மணிக்கு மூடுபனி, மதியம் மழை என்று ஒரே நாளில் எல்லாம் வந்து போகும்.

இந்த ஊருக்கு ஏன் போகிறார்கள்? நடக்கத்தான். வாகர் தீவில் ஒரு ஏரி இருக்கிறது. சரியான கோணத்தில் நின்றால், கடலுக்கு மேலே நூறு மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் தொங்குகிற மாதிரி தெரியும். உண்மையில் அது கடல் மட்டத்தில் இருந்து சுமார் 30 மீட்டர் உயரம்தான். மிச்சமெல்லாம் கண்ணை ஏமாற்றும் கோணம். மிக்கினெஸ் தீவுக்குப் படகில் போனால், கோடையில் பஃபின் பறவைகளைப் பக்கத்திலேயே பார்க்கலாம். நம்ம சிவில் பசங்களுக்குக் கூடுதலா ஒன்று: 2020 டிசம்பரில் திறந்த, 11 கிலோமீட்டர் நீளக் கடலடிச் சுரங்கப்பாதை. அதன் நடுவே, கடலுக்கு அடியில், ஒரு ரவுண்டானாவே இருக்கு!

சாப்பாட்டுக்கு ஹோட்டல்தான் தேடணும்னு இல்லை. சில குடும்பங்கள் முன்பதிவு செய்த விருந்தினர்களைத் தங்கள் வீட்டு மேஜையிலேயே உட்கார வைத்துப் பரிமாறுகிறார்கள். காற்றில் காயவைத்த ஆட்டிறைச்சி அந்த ஊர் விசேஷம். நம்ம உப்புக்கண்டம் மாதிரிதான், ஆனா உப்பு போடாமல், கடல் காற்றை மட்டுமே நம்பிக் காயவைப்பது. காசு கொடுத்துதான் சாப்பிடுகிறோம். ஆனால் சாப்பிடுவது ஒருவர் வீட்டில். அங்கே போய் ஸ்டாருக்கு ரிவ்யூ போடுகிற மனநிலையில் உட்கார முடியுமா?

என் கருத்து இங்கேதான் ஆரம்பிக்கிறது. மலையும் கடலும்கூட யாரோ ஒருவர் வாழும் இடம்தான். அங்கே கிராமம் கிராமமாக இணைக்கும் ஹெலிகாப்டர் சேவை ஒன்று உண்டு. ஊர்க்காரர்களுக்கானது என்பதால், சுற்றுலாப் பயணிகள் ஒரு வழிக்கு மட்டும் அதில் ஏறி, மறுவழிக்குப் படகோ பஸ்ஸோ பிடிக்கச் சொல்கிறார்கள். வரச் சொன்னாலும் ஒரு வரம்பு வைத்துத்தான் வரச் சொல்கிறார்கள்.

இந்த வரம்பு இல்லாவிட்டால் என்ன ஆகும்? பாதையின் நடுவில் சேறாக இருந்தால் நாம என்ன செய்வோம்? ஷூ நனையக்கூடாதுன்னு ஓரத்துப் புல்லில் கால் வைப்போம். பின்னால் வருபவரும் அதையே செய்வார். ஒரு அடிப் பாதை நாலு அடி ஆகும். புல் போன இடத்தில் மழைத்தண்ணீர் ஓடி மண்ணை அரிக்கும். பஃபின் பறவைகள் மண்ணுக்குள் வளை தோண்டித்தான் முட்டையிடுகின்றன. பாதையை விட்டு விலகி வைத்த ஒரு கால், ஒரு கூட்டையே இடித்துவிடலாம். யாரும் வேணும்னு செய்வதில்லை. எல்லாரும் ஒரு போட்டோவுக்காக ரெண்டு அடி தள்ளி நின்றதுதான்.

இதற்கு அங்கே கண்ட இன்னொரு வழி, கட்டணம். நார்வேயில் உள்ளது போல யாரும் எங்கும் நடக்கலாம் என்ற உரிமை ஃபரோவில் கிடையாது. அந்த ஏரிக்கரைப் பாதை உட்படச் சில இடங்களில் நடக்கவே காசு கட்ட வேண்டும். பாதையைப் பார்த்துக்கொள்ளப் பணம் வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் கட்டணம் மட்டுமே தீர்வு என்றால் எனக்கு ஒப்பவில்லை. காசு கொடுத்த அடுத்த நிமிஷம் விருந்தாளி கஸ்டமர் ஆகிவிடுகிறான். "டிக்கெட் எடுத்திருக்கேன்ல, எங்க வேணா நிப்பேன்" என்று ஒரு எண்ணம் தானாக வந்துவிடும். கையில் காசு இருப்பவனுக்கு அது ஒரு தடையே இல்லை. இல்லாதவன் வாசலிலேயே நிற்பான்.

ஒருநாள் முழுக்கக் கல் சுமந்து படி கட்டியவன் அப்படி நடக்க மாட்டான். தண்ணீர் எந்தப் பக்கம் வழியும், எந்தக் கல் ஆடும் என்று அவனுக்குத் தெரியும். அடுத்தமுறை சேற்றைப் பார்த்தால் சேற்றிலேயே கால் வைப்பான்.

"100 பேர் ரெண்டு மூணு நாள் வேலை செஞ்சா தீவு மாறிடுமா? அது சும்மா விளம்பரம் பாஸ்" என்று கேட்கலாம். விளம்பரமும்தான், நடத்தியதே அவர்களுடைய சுற்றுலா அமைப்பு. விமானக் கட்டணம் கொடுக்க முடிந்தவர்தான் அங்கே கல் சுமக்கவும் முடியும் என்பதும் உண்மை. ஆனால் சீர்செய்த பாதை நிஜம். இந்த யோசனைக்கு விமானமே தேவையில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

நம்ம டிபார்ட்மெண்ட் டூர் பிளான் எப்படி இருக்கும்? மூணு நாள், பதினோரு இடம், பஸ்ஸில் பாட்டு, ஒவ்வொரு வியூ பாயிண்டிலும் இருபது நிமிஷம். அதில் நாலு இடத்தை வெட்டிவிட்டு, அரை நாளை அந்த ஊருக்குக் கொடுத்தால் என்ன? போகும் முன்பே அங்கே ஒருவரைக் கேட்கலாம்: எங்களால் ஆகிற வேலை ஏதாவது இருக்கா, எந்த இடத்துக்கு வராமல் இருந்தால் நல்லது என்று. இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலையும் மதித்து, அந்த இடத்தை லிஸ்டில் இருந்து அடித்துவிட வேண்டும். ஃபைனல் இயர் டூர் கமிட்டி இதைப் படிச்சா, அடுத்த மீட்டிங்கில் எடுத்துப் பேசுங்க. கையுறை வாங்குற செலவுக்கு முதல் ஆளா நான் காசு தரேன்.