மாத்திரையைத் தொடாதவர் மீது என்ன பழி?

எச்.ஐ.வி.யின் மருந்து எதிர்ப்பு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுபவர் நோயாளியே. அவர் வேளை தவறினார். ஆகவே வைரஸ் மருந்துக்கு அடங்கவில்லை என்பது வழக்கமான தீர்ப்பு. அண்மையில் தொற்றுக்கு ஆளாகி, ஒரு மாத்திரையைக்கூடத் தொட்டிராதவரின் உடலில் எதிர்ப்புத்திறன் கொண்ட வைரஸ் காணப்பட்டால் பழி யாரைச் சேரும்?

விடை மருந்தியலிலேயே இருக்கிறது. 2004 ஏப்ரலில் இந்திய அரசு தொடங்கிய இலவசக் கூட்டுச் சிகிச்சையில் முதன்மையான மருந்துகளுள் ஒன்று நெவிரப்பின். ‘கே103என்’ என்னும் ஒற்றைப் பிறழ்வே அதை முறியடிக்கப் போதும். மூன்று மருந்துகளும் ஒரே நாளில் நின்றாலும், மற்றவை வெளியேறிய பின்னும் நெவிரப்பின் பல நாள் இரத்தத்தில் தங்கும். தனித்து எஞ்சிய அம்மருந்தே எதிர்ப்பு வைரஸைத் தேர்ந்து வளர்க்கிறது. மருந்துக் கையிருப்பு தீர்வது, ஆகவே, வெறும் நிர்வாகக் குறை அன்று, எதிர்ப்பின் விளைநிலம்.

கண்காணிப்பின் கதையும் இதுவே. வைரஸ் அளவுப் பரிசோதனையைச் சிகிச்சை பெறுவோர் அனைவருக்கும் விரிவாக்கும் முயற்சி 2018இல்தான் தொடங்கியது. அதுவரை பெரும்பாலோருக்குச் சிடி4 எண்ணிக்கை சரிந்த பின்பே சிகிச்சைத் தோல்வி தெரிந்தது. அந்த இடைவெளியில் பிறழ்ந்த வைரஸ் பிறருக்கும் பரவ வழி திறந்திருந்தது.

புனேயின் போசரியில் 1992இல் தேசிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. வைரஸின் மரபணுவை வரிசைப்படுத்தி எதிர்ப்பைக் கண்டறியும் ஆற்றல் அங்கு உண்டு. ஆயினும் அதே நகரில் அரசு மையமொன்றில் புதிதாகச் சிகிச்சை தொடங்குபவருக்கு அச்சோதனை வழக்கமாகச் செய்யப்படுவதில்லை. அறிவு ஆய்வகத்தில் இருக்கிறது. நோயாளி வரிசையில் நிற்கிறார்.

டொலுடெகிராவிர் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்பது அடுத்த வாதம். அதை எளிதில் வெல்ல இயலாது என்பது உண்மை. வெல்லவே இயலாது என்பது பொய். அதற்கும் எதிர்ப்பு தோன்றுவதை உலக சுகாதார நிறுவனம் 2024இல் எச்சரித்தது. 2022இல் இந்தியாவில் தட்டுப்பாட்டுக்கு உள்ளான மருந்துகளில் டொலுடெகிராவிரும் ஒன்று. அவ்வாண்டு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் டெல்லி அலுவலகத்தில் வாரக்கணக்கில் போராடியவர்கள் மாத்திரையை மறுத்தவர்கள் அல்லர், கேட்டவர்கள்.

தடையற்ற வழங்கல், காலந்தவறாத வைரஸ் அளவுப் பரிசோதனை, புதிய தொற்றாளரிடையே தொடர்ச்சியான எதிர்ப்புக் கண்காணிப்பு, அதன் முடிவுகளைப் பொதுவில் வைத்தல்: இவற்றை அரசு செய்யட்டும். அதன் பிறகு நோயாளியின் ஒழுங்கைப் பற்றிப் பேசலாம்.